டயலாக்கைத் தாண்டிப் போகிறவர் எதை இழக்கிறார்?

நண்பர் ஒருவரின் கேள்வி இது: "ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி விளையாடும்) கேம்களில் லோர், லோர் என்று எல்லோரும் உயிரை விடுகிறார்கள். நான் டயலாக் வந்தாலே பட்டனைத் தட்டித் தாண்டிவிடுகிற ஆள். வழியில் கிடக்கும் புத்தகம் எதையும் திறந்து பார்த்ததில்லை. இருந்தும் ஜாலியாகத்தான் போகிறது. அந்த உலகம், அதன் பழைய வரலாறு எல்லாம் உண்மையில் எவ்வளவு முக்கியம்? நான் எதையாவது இழக்கிறேனா?"

ஜாலியாகப் போகிறதென்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. யாரும் உங்களுக்குப் பரீட்சை வைக்கப்போவதில்லை. ஆனாலும் கடைசி வரியில் ஒரு சின்ன உறுத்தல் தெரிகிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். களம் என்பது நீங்கள் நிற்கிற இடம். அங்கே என்ன விளைகிறது, யார் ஆள்கிறார்கள், எதில் ஏறி ஊருக்குப் போகிறார்கள், கடையில் எதைக் காசாக வாங்கிக்கொள்கிறார்கள், இதெல்லாம் களம். லோர் என்பது அந்த இடத்தைப் பற்றி யாரோ சொல்லிவைத்திருப்பது: புத்தகம், கல்வெட்டு, கிழவி சொல்லும் கதை, வாளின் பெயருக்குக் கீழே இருக்கிற நாலு வரிக் குறிப்பு. லோரைத் தாண்டிப் போகலாம். களத்தைத் தாண்ட முடியாது, அதன் மேல்தானே நடக்கிறீர்கள். ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் உங்களுக்கு ஜாலியாக இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் களம்தான். அது தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது.

லோரை எடைபோட நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. ஒரு தகவல் தெரிந்த பிறகு, அடுத்த ஐந்து நிமிடத்தில் என் கை செய்கிற காரியம் மாறுகிறதா? கை மாறாவிட்டாலும், அதே காரியத்தைச் செய்யும்போது மனசாவது கொஞ்சம் மாறுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்த லோர் பத்தாயிரம் வருட வரலாறாக இருந்தாலும் எனக்கு அது வெறும் பாரம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த கேமிலிருந்து ஆரம்பிக்கிறேன்: மோரோவிண்ட். பெதஸ்டா 2002-இல் வெளியிட்டது, எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது. கல்லூரி நாட்களில் அறை நண்பனின் பழைய கம்ப்யூட்டரில், ஃபேன் போடும் இரைச்சலோடு விளையாடினேன். வார்டன்ஃபெல் என்ற தீவு. நடுவில் செம்மலை என்ற எரிமலை. அங்கிருந்து அடிக்கடி சாம்பல் புயல் வீசும். நீங்கள் ஒரு கைதி. கப்பலில் கொண்டுவந்து சேடா நீன் என்ற சதுப்புநிலத்து ஊரில் இறக்கி, கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பல்மோராவில் கயஸ் கொசாடெஸ் என்பவரிடம் சேர்த்துவிடு என்கிறார்கள். அவ்வளவுதான். போகிற இடத்தைக் காட்டும் அம்புக்குறி எதுவும் கிடையாது.

சேடா நீனின் ஓரத்தில் ஒரு பூச்சி நிற்கிறது. பனைமர உயரத்துக்கு, ஒல்லிக் கால்களோடு, அவ்வப்போது நீளமாக முனகிக்கொண்டு. சில்ட் ஸ்ட்ரைடர் என்று பெயர். அதன் முதுகு ஓட்டைக் குடைந்து பயணிகள் உட்கார இடம் செய்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் உள்ளே திறந்து கிடக்கும் சதையைத் தொட்டு அழுத்தித்தான் அதை நடத்துகிறார். காசு கொடுத்தால் பல்மோராவில் இறக்கிவிடுவார். எல்லா ஊருக்கும் இது போகாது. கடலோர ஊர்களுக்குப் படகு, மந்திரவாதிகள் சங்கத்தின் கிளைகளுக்கு இடையே மட்டும் மந்திரத்தில் தாவிச் செல்லும் வசதி. ஆக, ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால், இங்கே இறங்கி அங்கே மாற வேண்டும், அந்த ஊருக்கு நேர் வண்டி இல்லை என்று பஸ் கணக்குப் போடுவது போலப் போட வேண்டும். யாரும் உங்களுக்கு அந்தத் தீவின் போக்குவரத்து வரலாற்றைப் பாடம் எடுக்கவில்லை. நீங்களாகவே அந்த ஊர்க்காரர் ஆகிவிட்டீர்கள். அதே வரிசையில் அடுத்து 2006-இல் வந்த ஆப்ளிவியனில் ஒருமுறை போன இடத்துக்கும், பெரிய நகரங்களுக்கும், மேப்பில் தொட்டாலே போய்விடலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் எந்த ஊர் எந்த ஊருக்குப் பக்கம் என்று கேட்டால் எனக்கு இன்றும் தடுமாறும்.

சேடா நீனிலிருந்து கொஞ்சம் நடந்தால் வானத்திலிருந்து ஓர் ஆள் அலறிக்கொண்டே விழுவான். தார்ஹியேல் என்ற மந்திரவாதி. விழுந்த இடத்திலேயே செத்துவிடுவான். பையில் மூன்று மந்திரச் சுருளும் ஒரு நாட்குறிப்பும். என்னைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாம் பார்க்கத்தான் போகிறார்கள் என்கிற தோரணையில் எழுதிவைத்திருக்கிறான். சுருளைப் பயன்படுத்தினால் ஏழு விநாடிக்கு உங்கள் தாவும் திறன் ஆயிரம் புள்ளி கூடும். ஒரு குதி குதித்தால் தீவின் பாதியைக் கடந்துவிடுவீர்கள். இறங்குவதற்குள் ஏழு விநாடி முடிந்திருக்கும். நாட்குறிப்பைப் படித்தவனும் சாவான், படிக்காதவனும் சாவான். படித்தவன் மட்டும் சிரித்துக்கொண்டே சாவான். லோர் என்றால் மனதில் வைத்துக்கொள்ள எனக்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைத்ததில்லை.

வழி கேட்பதும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஒரு வேலை வரும். ட்வெமர் என்ற இனம் விட்டுப்போன இடிபாட்டில் ஒரு புதிர்ப்பெட்டி இருக்கிறது, எடுத்து வா என்பார்கள். இடத்தின் பெயர் அர்க்ங்தாண்ட். நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பல்மோராவிலிருந்து மூன்மாத் கோட்டை, அதைத் தாண்டி ஒரு பழைய ட்வெமர் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இடிபாடு என்று வாயால் சொன்ன வழிதான். நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் குறித்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்தால் கதவு திறக்கவில்லை. சாமர்த்தியம் காட்டி உடைத்துப் பார்த்தேன், மந்திரம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குழாயில் ஒரு திருகு கண்ணில் பட்டது. திருகினால் பாறை நகர்கிறது. உள்ளே நீராவிக் குழாய்களும் பித்தளை இயந்திரங்களும்; கட்டியவர்கள் மட்டும் ஒருவரும் இல்லை. அந்த இனத்தைப் பற்றி ஒரு புத்தகமும் படிக்காமலேயே, இவர்கள் சாவியை நம்பாதவர்கள், இயந்திரத்தை நம்பியவர்கள் என்று தெரிந்துபோகிறது. இனி எந்த ட்வெமர் இடிபாட்டுக்குப் போனாலும் கை முதலில் குழாயைத்தான் தேடும். நான் சொன்ன சோதனையில் இது முழு மார்க் வாங்குகிறது.

தீவின் கிழக்கே டெல்வானி என்ற மந்திரவாதிக் குலம். ராட்சதக் காளானை வளர்த்து அதையே கோபுரமாக்கிக் குடியிருப்பவர்கள். அவர்களுடைய தலைவர்களைப் பார்க்கப் போனால் பாதியில் மாடிப்படி நின்றுவிடும். மேலே ஓட்டை தெரியும், ஏற வழி இருக்காது. மிதக்கும் மந்திரம் தெரிந்தவன் மட்டும் வா, தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அர்த்தம். அவர்களின் திமிரை இதைவிடச் சுருக்கமாக எந்த வசனமும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கீழே இறங்கிப் போய், கடையில் மிதக்கும் மருந்து வாங்கிக் குடித்து, ஏறிப்போய் நின்றபோது அந்தக் கிழவர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சரியான மரியாதை!

சுவாரசியமான ஒரு பின்குறிப்பு: ஆப்ளிவியனில் இந்த மிதக்கும் மந்திரமே கிடையாது. அதில் நகரங்கள் வெளியுலகிலிருந்து பிரித்துத் தனித்தனியாக ஏற்றப்படுகின்றன. மதிலுக்கு மேலே மிதந்து போனால் குட்டு உடைந்துவிடும். இந்தத் தொழில்நுட்பக் கஷ்டத்துக்கு அந்த உலகத்துக்குள் சொன்ன காரணம், மிதப்பதைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள் என்பது. லோர் சில சமயம் சுவரில் விழுந்த விரிசலை மறைக்க மாட்டும் காலண்டராகவும் பயன்படும்.

மோரோவிண்டின் அடி ஆழத்தில் இருப்பது ஒரு கொலை வழக்கு. ரொம்பக் காலத்துக்கு முன் செம்மலையில் ஒரு போர். அதில் நெரெவார் என்ற தலைவன் இறந்தான். ட்வெமர் இனம் மொத்தமாக, ஒரே நேரத்தில் காணாமல் போனது. கோவில்காரர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். சாம்பல் நிலத்து நாடோடிகள் வேறு கதை: நெரெவாரைக் கொன்றதே இன்று அந்தக் கோவிலின் கடவுளாக உட்கார்ந்திருக்கும் மூவர்தான் என்று. அந்த மூவரில் ஒருவரான விவெக் தன் பங்குக்கு ஒன்று சொல்கிறார். எதிரியான "டகோத் ஊர்" என்பவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே ஊரின் தலபுராணத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. செத்துப்போன அந்த நெரெவாரின் மறுபிறவி நீங்கள்தான் என்கிறார்கள். அப்போது "நெரெவாரைக் கொன்றது யார்" என்பது வரலாற்றுக் கேள்வியாக இல்லாமல், என்னைக் கொன்றது யார் என்று ஆகிவிடுகிறது. மறுபிறவி என்பது உண்மைதானா, அரசாங்கம் தன் வசதிக்காக உங்களை அப்படி நிறுத்துகிறதா என்பதைக்கூட கேம் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை.

ட்வெமர் காணாமல் போனதற்கு விடை தெரிந்த ஆளையாவது பார்க்கலாம் என்றால், அந்த இனத்தில் ஒரே ஒருவர் உயிரோடு இருக்கிறார். யாக்ரும் பகார்ன். ஒரு கோபுரத்தின் அடியில், நோயாளிகளை அடைத்துவைத்த நிலவறையில், நோயால் ஊதிப்போன உடம்பை இயந்திரக் கால்களில் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆவலோடு போய்க் கேட்டேன். அன்றைக்கு நான் வேறொரு உலகத்துக்குப் போயிருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை, எனக்கும் தெரியாது என்றார். அந்த ராத்திரி கேமை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசிச் சண்டைக்கு முன்னால் டகோத் ஊர் உங்களிடம் நேராகக் கேட்கிறான்: நீ உண்மையிலேயே நெரெவாரின் மறுபிறவியா? ஆமாம் என்கலாம், இல்லை என்கலாம், தெரியாது என்கலாம். எதைச் சொன்னாலும் சண்டை ஒன்றுதான். பட்டனைத் தட்டிக்கொண்டே வந்தவருக்கு அது சண்டைக்கு முன்னால் வந்த இன்னொரு டயலாக். மற்றவருக்கு அதுவரை விளையாடிய நாற்பது ஐம்பது மணி நேரமும் அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும். நீங்கள் இழப்பது என்ன என்று கேட்டீர்களே, இதைத்தான்.

இப்போது மறுபக்கம். லோர் நிறைய இருந்தால் நல்லது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2012-இல் கிங்டம்ஸ் ஆஃப் அமலூர் என்று ஒரு கேம் வந்தது. அதற்காக ஆர்.ஏ. சால்வடோர் என்ற பிரபல ஃபேண்டசி எழுத்தாளரை வைத்துப் பத்தாயிரம் வருட வரலாறு உருவாக்கினார்கள். மோரோவிண்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த கென் ரோல்ஸ்டனும் இந்த அணியில் இருந்தார். இதைவிட என்ன வேண்டும்? சண்டை அருமையாக இருக்கும். ஆனால் அந்தப் பத்தாயிரம் வருடத்தில் ஒரு வருடம்கூட இப்போது எனக்கு நினைவில்லை. நாடெங்கும் லோர்ஸ்டோன் என்று பேசும் கற்களை நட்டுவைத்திருந்தார்கள். தொட்டால் பழங்கதை பாடும். கூடவே அனுபவப் புள்ளியும் கிடைக்கும். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புள்ளிக்காகத் தொட்டேன், பாட்டு முடியும் முன்னே ஓடினேன். கதை கேட்கக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் கதையில் கோளாறு. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், அதன் அடிப்படை யோசனை நல்லது. எல்லோருக்கும் தலையெழுத்து எழுதப்பட்ட உலகத்தில், செத்துப் பிழைத்ததால் தலையெழுத்தே இல்லாத ஒருவர் நீங்கள். அதனால்தான் வீரன், திருடன், மந்திரவாதி என்று எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். ஒரு வரி லோர், நேராகக் கைக்கு வந்துவிட்டது. மீதி 9,999 வருடத்தை விட்டிருக்கலாம்.

ஃபைனல் ஃபேண்டசி 13-இல் வேறு விதமான சிக்கல். முதல் சில மணி நேரத்திலேயே ஃபால்சி, லாசி, பல்ஸ், ககூன் என்று சொற்கள் கொட்டும். எல்லோரும் அதைப் பற்றித்தான் பதறிப்போய்ப் பேசுவார்கள். நமக்கு எதற்குப் பதற வேண்டும் என்று புரியாது. தனியாக ஒரு பக்கத்தில் போய்ப் படித்தால் விளக்கம் இருக்கும். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத சொந்தக்காரர்களின் பங்காளிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி. அந்த வரிசையின் பதினாறாவது கேம் 2023-இல் வந்தபோது, காட்சியை நிறுத்தினால் அந்த நிமிடம் திரையில் இருப்பவர்களைப் பற்றிய குறிப்பு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். பாடம் கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் (2015) கேமை உருவாக்கப் பணம் போட்ட ரசிகர்கள் எழுதிக் கொடுத்த கதாபாத்திரங்கள் தங்க நிறப் பெயர்ப்பலகையோடு தெருத்தெருவாக நிற்பார்கள். ஒவ்வொருவரின் ஆன்மாவையும் தொட்டால் ஒரு கதை. பிரதான கதைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நாலாவது ஆளோடு நான் நிறுத்திக்கொண்டேன். இத்தனைக்கும் அந்த கேம் எனக்குப் பிடித்த கேம்.

டயாப்லோ மாதிரி, அரக்கர்களை வெட்டிக்கொண்டே போகிற கேம்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றால், அங்கே தாராளமாகத் தாண்டுங்கள். இருட்டு, மணியோசை, தேவாலயத்துக்கு அடியில் படிக்கட்டு. களம் அங்கே தன் வேலையை முடித்துவிட்டது.

பொருளாதாரம் பேசாமல் களத்தைப் பற்றிப் பேச முடியாது. இந்த இடத்தில் எனக்கு ஃபால்அவுட்: நியூ வேகஸ்தான் உசத்தி. அப்சிடியன் நிறுவனம் சுமார் ஒன்றரை வருடத்தில் செய்து 2010-இல் வெளியிட்டது. 2077-இல் அணு ஆயுதப் போர் நடந்து உலகம் நாசமாகி, இருநூறு வருடம் கழித்து, அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடக்கும் கதை. காசாகப் பயன்படுவது சோடா பாட்டில் மூடி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஃபால்அவுட் வரிசையில் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: ஹப் என்ற வியாபார நகரத்தின் வணிகர்கள் மூடிக்குப் பதிலாகத் தண்ணீர் தருவதாக உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். தங்கத்துக்குப் பதில் தண்ணீர். பாலைவனத்தில் வேறு எது செல்லுபடியாகும்?

நியூ வேகஸில் புதிய கலிஃபோர்னியா குடியரசு என்ற அரசு காகித நோட்டு அடிக்கிறது. கடையில் நூறு டாலர் நோட்டை நீட்டினால் நாற்பது மூடிதான் மதிப்பு. ஏன்? குடியரசோடு சண்டை போட்ட ஒரு கூட்டம் அதன் தங்கக் கையிருப்பை அழித்துவிட்டது. நோட்டின் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. வியாபாரிகள் திரும்ப மூடிக்கே வந்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் அடிமைகளை வைத்து ஆளும் லீஜன் என்ற படை. அவர்கள் அசல் வெள்ளியிலும் தங்கத்திலும் நாணயம் அடிக்கிறார்கள். ஒரு தங்கக்காசு நூறு மூடி. அவர்கள் எல்லையில் வழிப்பறிப் பயம் இல்லை என்று அங்கே போய்வரும் வியாபாரி சொல்வார். கொடுமைக்காரனின் காசு கெட்டியாக இருக்கிறது, தேர்தல் நடத்துகிறவனின் நோட்டு இளைத்துப்போய்க் கிடக்கிறது. யாரை ஆதரிப்பது என்ற அந்த கேமின் முழுக் கேள்வியும் கடைக்காரரின் கல்லாவிலேயே இருக்கிறது. ஒரு வசனமும் கேட்காதவருக்குக்கூட ஏதோ இடிக்கும்.

லீஜனின் தலைவன் பெயரைக் கவனியுங்கள். ஊர்க்காரர்களும் குடியரசுக்காரர்களும் "சீசர்" என்பார்கள். லீஜன் ஆட்கள் மட்டும் பழைய லத்தீன் உச்சரிப்பில் "கைசர்" என்பார்கள். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். காதால் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். பேசுகிறவர் எந்தப் பக்கம் என்பது அந்த ஒரு சொல்லில் வெளிப்பட்டுவிடும். தட்டித் தாண்டுகிறவருக்கு இது கிடைக்காது.

இதே கேமில் தண்ணீர்த் திருட்டு ஒன்றைத் துப்பறியும் வேலை வரும். குடியரசின் குத்தகை விவசாயிகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கோ கசிகிறது. பின்தொடர்ந்து போனால், வெஸ்ட்சைட் என்ற ஏழைகள் பகுதியில் கூட்டுறவுத் தோட்டம் ஒன்று அந்தத் தண்ணீரில்தான் பச்சையாக இருக்கிறது. நடுவில் ஒரு கொலையும் இருக்கிறது. யார் செய்தது என்பதைச் சொல்லி உங்கள் ஆர்வத்தைக் கெடுக்கமாட்டேன். அம்புக்குறியைப் பார்த்து ஓடினாலே வேலையை முடித்துவிடலாம், காசும் கிடைக்கும். ஆனால் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அங்கே யார் வயிற்றில் கை வைக்கிறீர்கள் என்பது உரையாடலைக் கேட்டவருக்குத்தான் தெரியும். அதற்கு முந்தைய ஃபால்அவுட் 3-இல் (2008) போர் முடிந்து இருநூறு வருடம் ஆன பிறகும் சூப்பர் மார்க்கெட்டில் சாப்பாட்டு டப்பா கிடக்கும். இவ்வளவு நாளாக இவர்கள் என்னதான் சாப்பிட்டார்கள் என்ற கேள்வியை ரசிகர்கள் இன்னும் விடவில்லை. சுற்றித் திரிய அது பிரமாதமான கேம். ஆனால் அங்கே யாரும் குடித்தனம் நடத்துவதாக எனக்குத் தோன்றியதில்லை.

டார்க் சோல்ஸ் (2011) இதற்கெல்லாம் நேர் எதிர். யாரும் எதையும் விளக்கமாட்டார்கள். கதை முழுக்கப் பொருள்களின் குறிப்புகளில் சிதறிக் கிடக்கும். அதை இயக்கிய ஹிதெதாகா மியாசாகி, சிறுவயதில் தன் ஆங்கிலத்துக்கு எட்டாத ஃபேண்டசி புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் எழுத்து வராத கேம்களை அரைகுறை ஆங்கிலத்தில் விளையாடி வளர்ந்த நாமெல்லாம் செய்தது அதைத்தானே. புரியாத பாதியை நாமே எழுதிக்கொண்டோம்.

அதில் சிஃப் என்ற பெரிய சாம்பல் ஓநாய் ஒன்று வரும். காட்டுக்குள் ஒரு கல்லறை. ஆர்டோரியாஸ் என்ற வீரனுடையது. ஓநாய் அவனுடைய தோழன். அவன் வாளை வாயில் கவ்விக்கொண்டு கல்லறையைக் காவல் காக்கிறது. அதனிடமிருந்து கிடைக்கும் மோதிரம் இல்லாமல் நீங்கள் மேலே போக முடியாது, ஆகவே கொன்றுதான் ஆக வேண்டும். சண்டையில் அதன் உயிர் குறையக் குறைய நொண்ட ஆரம்பிக்கும். வாளை வீசப் போய்த் தடுமாறி விழும். அப்போதும் எழுந்து வரும். ஒரு வரிகூடப் படிக்காதவருக்கும் அந்த இடத்தில் விரல் தயங்கும், களத்தின் சக்தி அது. அப்புறம் 2012-இல் வந்த கூடுதல் பகுதியில் கடந்த காலத்துக்குப் போகிறோம். அங்கே ஓநாய் இன்னும் குட்டி. இருட்டுப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் அதை நீங்களே காப்பாற்றலாம். காப்பாற்றிய பிறகு நிகழ்காலத்துக்கு வந்து கல்லறைக்குப் போனால், சண்டைக்கு முந்தைய காட்சி மாறியிருக்கும். ஓநாய் உங்களை முகர்ந்து பார்க்கும். அடையாளம் கண்டுகொள்ளும். வானத்தைப் பார்த்து ஊளையிட்டுவிட்டு, வாளைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்கு வரும். அதே சண்டை, அதே அடிகள், அதே மோதிரம். நான் இரண்டாவது முறை விளையாடியபோதுதான் இதைப் பார்த்தேன். மூன்றாவது முறை இன்னும் விளையாடவில்லை.

ஆர்பிஜி நாயகர்கள் ஏன் அடிக்கடி கைதியாகவோ, நினைவு தப்பியவராகவோ இருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ஊரில் பிறந்து வளர்ந்தவன் 'இங்கே ராஜா யாரு' என்று கேட்டால் பைத்தியம் என்பார்கள். கப்பலில் வந்து இறங்கியவனோ, மண்டையில் அடிபட்டவனோ கேட்டால் பொருத்தமாக இருக்கும். எஸ்டோனியாவைச் சேர்ந்தவர்கள் 2019-இல் கொண்டுவந்த டிஸ்கோ எலீசியம் இந்தப் பழைய தந்திரத்தையே நகைச்சுவையாக்கிவிட்டது. குடித்துக் குடித்து எல்லாவற்றையும் மறந்துபோன துப்பறியும் போலீஸ்காரர் நீங்கள்; மரத்தில் தொங்கும் பிணத்தை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு பணக்கார அம்மாளிடம் போய், இந்த உலகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லுங்கள் என்று வெட்கமில்லாமல் கேட்கலாம். பொது அறிவு என்று ஒரு திறமையே இருக்கிறது. அதில் புள்ளி போட்டால் கேட்காமலேயே மூளை தகவல் கொட்டும். பாதி வழக்குக்கு உதவாது. லோர் கொட்டுவதையே ஒரு மனிதனின் குணமாக்கிவிட்டார்கள்! வாள் சண்டை, துப்பாக்கிச் சண்டை என்று தனியாக ஒன்றும் அதில் கிடையாது. பேச்சுதான் எல்லாம். அதையும் தாண்டினால் மிச்சம் ஒன்றுமில்லை.

ரசிகர்கள் லோரில் முரண்பாடு கண்டுபிடித்துச் சண்டை போடுவதைப் பார்த்து உங்களுக்கு அலுத்துப்போயிருக்கலாம். எனக்கும்தான். ஆனால் எல்டர் ஸ்க்ரோல்ஸ்காரர்கள் இதைச் சமாளித்த விதம் எனக்குப் பிடிக்கும். 1996-இல் வந்த டாகர்ஃபாலில் ஆறேழு முடிவுகள். அடுத்த கேமுக்கு எதை உண்மை என்று எடுப்பது? எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தது, அப்போது காலமே உடைந்துபோனது என்று எழுதிவிட்டார்கள். எந்த ரசிகரின் முடிவும் பொய்யாகவில்லை. சிரோடீல் என்ற நாடு காடு அடர்ந்த வெப்ப நாடு என்று 1998-இல் எழுதிவைத்தார்கள். ஆப்ளிவியனில் போய்ப் பார்த்தால் ஐரோப்பிய ஓக் மரக்காடு. கடவுளாகிவிட்ட பேரரசர் தட்பவெப்பத்தையே மாற்றிவிட்டார் என்று ஒரு நூலில் சமாதானம் சொன்னார்கள். முதலாவது புத்திசாலித்தனம், இரண்டாவது சமாளிப்பு. அந்த வெப்பக்காட்டில் நடக்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழக்கத்தை ஒரேயடியாக மாற்றிக்கொள்ள வேண்டாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஸ்கைரிமில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கும், படிக்காவிட்டாலும் குடி முழுகாது. ஆனால் திறந்தாவது பாருங்கள், சில புத்தகங்களைத் திறந்தாலே திறமை ஒரு படி ஏறும். டார்க் சோல்ஸில் பெரிய எதிரியைக் கொன்றதும் கிடைக்கிற பொருளின் குறிப்பை மட்டும் படியுங்கள், அரை நிமிடம் ஆகும். மோரோவிண்டை இப்போது ஆரம்பித்தால் வழியைக் குறித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும். பொறுமை இல்லையென்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நியூ வேகஸ் எடுங்கள். எங்காவது ஒரு நூறு டாலர் நோட்டு கிடைக்கும், முதல் கடையில் கொடுத்துப் பாருங்கள், நாற்பது மூடிக்குத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஏன் இவ்வளவு கம்மி என்று தோன்றினால், அடுத்து இதைப் பற்றி யாராவது வாயைத் திறக்கும்போது அந்த ஒரு டயலாக்கை மட்டும் தட்டாமல் கேளுங்கள். தோன்றவில்லையா, தட்டிக்கொண்டே போங்கள்.